தம்பிராஜாவின் இரண்டு குதிகால்கள்

1957 ஆகஸ்டு. மலாயா சுதந்திரத்துக்கு இன்னும் ஒன்பது நாள். காஜா பெராங் வட்டாரத்தில் தனபாலன் வீட்டு வாசலுக்குத் தம்பிராஜா வெறுங்காலோடு நொண்டிக்கொண்டே வந்தார். கையில் புதுக் கறுப்புத் தோல் சப்பாத்து. இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்திருந்தது.

"அப்பாசாமி வேணும்னே கெடுத்துட்டான்ணே! எனக்கும் சேதுபதிக்கும் ஒரே நாள்லதான் சப்பாத்து தைச்சான். ஊர்வலத்துல கொடி பிடிக்கிறது எங்க ரெண்டு பேர்ல யாருன்னு சனிக்கிழமை ஒத்திகையில முடிவாகுது. சேதுபதி நடந்தா ஊரே வாயப் பொளக்குது, நான் மட்டும் நொண்டணுமா? தப்பு அப்பாசாமியோடதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அவன் கடை எங்க மாமா கட்டடத்துலதான் இருக்கு. நாளைக்கே காலி பண்ண வெச்சிடுறேன்!"

தனபாலன் முன்பு கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், ஊர்த் தகராறுகளைத் தீர்த்துவைப்பவர், லேசில் பதறமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பதறுவதற்கு டாக்சிக்காரர் தியாகு இருந்தார்.

"எப்போலேர்ந்து கடிக்குது?" என்றார் தனபாலன்.

"ரெண்டு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஒத்திகை முடிஞ்சு எல்லாரும் சப்பாத்தை வெளியே கழட்டிட்டுக் கோயில் மண்டபத்துல சாப்பிட்டாங்க. எனக்கு வேலை, சாப்பிடாமலே கிளம்பிட்டேன். திங்கக்கிழமை மாட்டினா, ஒரே கடி!"

"அண்ணே, ராத்திரி இவர் வீட்டு வாசல்ல கழட்டிப் போட்டப்ப அப்பாசாமி கைய வெச்சிருக்கான்!" என்று தியாகு துள்ளினார்.

தனபாலன் சப்பாத்துகளுக்குள் விரலை விட்டார். இரண்டிலும் குதிகால் படும் இடத்தில் ஒரு தோல் பட்டை ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் சிற்றெறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"அப்பாசாமி கடைக்குப் போவோம். தியாகு, சேதுபதியையும் கூட்டிட்டு வாங்க."

சேதுபதி கடைக்கு வந்தார். அடிக்கு அடி சப்பாத்து குதிகாலிலிருந்து கழன்று டப் டப் என்றது. தம்பிராஜாவின் முகத்தில் அத்தனை வலியிலும் ஒரு மலர்ச்சி தெரிந்ததைத் தனபாலன் கவனித்தார்.

"அப்பாசாமி, நீங்க எதை வெச்சு ஒட்டுவீங்க?"

"ரப்பர் பசைதாங்க. வேற எதையும் தொடமாட்டேன்."

தனபாலன் ஒரு பட்டையை உரித்தார். "ரப்பர் பசையை எறும்பு சீந்தாது. இது சோத்துப் பசை, வீட்டுல ஒட்டினது. ஆனா சோத்துக்கு அடியில பாருங்க, காய்ஞ்ச ரப்பர் பசை. முதல்ல இந்தக் கடையில, வேற சப்பாத்துல ஒட்டின பட்டை இது."

அப்பாசாமி பதறினார். "ஐயோ, இது சேதுபதிக்கு வெச்சதுலா! அவருக்குக் குதிகால் ஒல்லி, பட்டை இல்லேன்னா கழண்டுக்கும். தம்பிராஜாவுக்கு அகலக் குதிகால். பட்டை வெச்சா இறுக்கி உரசும், வேணாம்னு அளவெடுத்தப்பவே அவர்கிட்ட சொன்னேனே!"

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் வெறுங்காலோட உள்ள சாப்பிட்டப்ப, வெளியே சப்பாத்துங்களோட தனியா நின்னவர் ஒருத்தர்தான்" என்றார் தனபாலன்.

தியாகு தம்பிராஜாவின் பக்கம் திரும்பினார்.

"ஆமா, நான்தான் பிச்சேன்!" தம்பிராஜா வெடித்தார். "அவனுக்கு மட்டும் எதுக்குப் பட்டை? அதனாலதான் அந்த நடைன்னு நினைச்சேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிஞ்சுச்சு. ஒட்டியும் கடிக்கவே, எனக்கு மட்டும் மட்டமா தைச்சுட்டார்னு முடிவு பண்ணிட்டேன்."

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே!" என்றார் சேதுபதி.

அப்பாசாமி பட்டைகளைச் சுரண்டிச் சேதுபதியின் சப்பாத்தில் ஒட்டினார். தம்பிராஜாவின் சப்பாத்து விளிம்பில் மெழுகு தேய்த்தார். காயத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு தம்பிராஜா நாலடி நடந்தார். கடிக்கவில்லை.

"என் கடை?" என்றார் அப்பாசாமி.

"இருக்கட்டும்ணே. மாமாகிட்ட நானே சொல்றேன். என்னை மன்னிச்சிடுங்க."

சேதுபதி சத்தமில்லாமல், நிமிர்ந்து தெருவில் நடந்து போனார். அவர் முனை திரும்பும்வரை தம்பிராஜா பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அப்பாசாமியின் காதருகே குனிந்தார்.

"அண்ணே, அவன் சப்பாத்துக்கு மட்டும் என்ன பாலிஷ் போட்டீங்க?"