ரம்யாவின் குட்டை மேசை

"என் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாத்தையும் இப்பவே குடுங்க சார்."

வேலைக்குச் சேர்ந்த அன்றே அனுசியாவின் காதில் ஓதியிருந்தார்கள். இந்தப் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கலாம், சம்பளம் கேட்கலாம். தாளாளரின் பச்சை பீரோவுக்குள் போன சர்டிபிகேட்டை மட்டும் கேட்கவே கூடாது. தூத்துக்குடி உப்பளத்தில் கால் வெடித்துப்போனவரின் மகள் அவள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். பட்டம் பீரோவில் கிடந்தது.

தாளாளர் ராஜபாண்டி உடன்குடியில் கருப்பட்டி மண்டி நடத்திவிட்டுப் பள்ளிக்கூடம் நடத்த வந்தவர். கோபப்படாமல் ஒரு தாளைத் தள்ளினார். மூன்றாம் வகுப்பு ரம்யா நேற்று மதியம் வகுப்பிலிருந்த ஊதுபத்தியைக் கொளுத்தி விளையாடி விரலைச் சுட்டுக்கொண்டாள், வகுப்பாசிரியை அனுசியா கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டு எடுத்துட்டுப் போ, ஏளா. இல்லன்னா கோர்ட்டுல போயிக் கேளு."

நடந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் மாடியேறினாள்.

மூன்றாம் வகுப்புதான் அந்தப் பள்ளியின் பெருமை. நாசரேத்துக்காரரான தலைமையாசிரியர் தேவபிரசாதத்துக்கு ஜப்பான் பைத்தியம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அங்கே குடியானவன், வியாபாரி வீட்டுப் பிள்ளைகள் கோயிலிலும் வாத்தியார் வீட்டிலும் எழுத்துப் படித்த கதையைச் சனிக்கிழமைதோறும் ஆசிரியர்களுக்குச் சொல்வார். அங்கே பிள்ளை சேரும்போதே தனக்கென்று ஒரு குட்டை மேசை கொண்டுவரும். வாத்தியார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுப்பார். ஊதுபத்தி எரிந்து முடிவதுதான் மணிக்கணக்கு. அதைப் பார்த்து மூன்றாம் வகுப்பிலும் பெற்றோரைக் குட்டை மேசை வாங்க வைத்தார், ஊதுபத்தியும் வந்தது. ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பத்திப் பெட்டி ஒன்று அவர் அறையில் பூட்டிக் கிடக்கும். பெரிய மனிதர்கள் வந்தால் சேமியா போல மெலிந்த அந்தப் பத்தியில் ஒன்றைக் கொளுத்துவார். மற்ற ஆசிரியர்கள் சனிக்கிழமை தூங்கி வழிந்தார்கள். அனுசியா ஒரு வரி விடாமல் கேட்டாள். மீன் விற்கிறவன் மகனும் எழுதப் படித்தான் என்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

பக்கத்து வகுப்பு ஷெர்லி சாவியோடு ஓடி வந்தாள். சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவள்.

"அக்கா, சி.ஐ.டி. வேலையா? நானும் வாரேன்."

நேற்று மதியமே பூட்டிய அறை அது, பெருக்குமாறு படவில்லை. ரம்யாவின் மேசை ஜன்னலோரம் இருந்தது. சாம்பல் மேசையின்மேல் ஒரே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருந்தது. பக்கத்தில் ஒரு கருகல் புள்ளி. அருகே ஒரு எவர்சில்வர் தம்ளர், விளிம்புவரை தண்ணீர். வகுப்புப் பத்திகளின் எரிந்த மூங்கில் குச்சிகள் மூலையில் ஒரு டப்பாவில் நின்றன. மேசைப்பக்கம் ஏதாவது குச்சி கிடக்கிறதா பார் என்றாள் அனுசியா. ஷெர்லி மண்டியிட்டு அறை முழுக்கத் தேடினாள்.

"ஒண்ணுகூட இல்லக்கா."

அனுசியா தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் கேட்டருகே ரம்யாவின் கையைப் பார்த்திருந்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உள்பக்கமாக வெந்திருந்தன. பிள்ளை வாய் திறக்கவில்லை. இறால் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அம்மா முத்துக்கனி, பள்ளி கையில் திணித்த டி.சி.யோடு இன்னும் வெளியேதான் நிற்கிறாள்.

ஷெர்லி போய்த் தாளாளரையும் தலைமையாசிரியரையும் அழைத்து வந்தாள்.

"நம்மூரு ஊதுபத்தில மூங்கில் குச்சி இருக்கு," என்றாள் அனுசியா. "பிடிக்கிற இடத்துல மருந்து கிடையாது, அதுக்கு முன்னாலயே அணைஞ்சிரும். விரல் வேகாது. எரிஞ்ச குச்சியும் மிஞ்சும். இங்கன மிஞ்சல. குச்சியே இல்லாத பத்தி இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரே பெட்டியிலதான் இருக்கு."

பிள்ளை திருடியிருக்கலாம் என்றார் தேவபிரசாதம்.

"திருடி விளையாடுத பிள்ள கைய ஆட்டும், சாம்பல் அறை பூரா விழும். சுட்டதும் கீழ போடும். பக்கத்துலயே தண்ணி, அதுல விரல முக்கும். தம்ளர்ல ஒரு சொட்டு குறையல. ஒரு கையில நிறைஞ்ச தண்ணி, ஒரு கையில எரியுத பத்தி. முடியிறவரைக்கும் அசையக் கூடாது. ஜப்பான்ல அந்தக் காலத்துத் தண்டனைன்னு நீங்கதான சார் சொன்னீங்க? தண்ணி சிந்துனா என்ன செய்வேன்னு அவகிட்ட சொன்னீங்களோ, எனக்குத் தெரியாது. விரல் வேகுறத விட அது பெருசுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

தேவபிரசாதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுதச் சொன்ன இடத்தில் மீன் படம் வரைந்தாள், பொறுமை பழகட்டும் என்றுதான் செய்தேன் என்றார். "போன் வந்தது, போய்விட்டேன். மறந்துபோச்சு, டீச்சர்."

"மறக்கல. மீதியையும் நீங்கதான் சொன்னீங்க. அங்க ஒரு பிள்ளைக்குத் தண்டனை குடுத்தா, அதுக்காக மன்னிப்புக் கேக்க ஒருத்தர் வருவாங்க. அக்கம்பக்கத்துப் பெரியவங்க, இல்ல வாத்தியார் பொண்டாட்டி. அவங்க வந்து கேட்டா விட்டுருவாங்க. வாத்தியாரே அத எதிர்பார்த்து உக்காந்திருப்பாரு. நீங்க தண்ணியையும் நெருப்பையும் எடுத்துக்கிட்டு அந்த ஆள விட்டுட்டீங்க. நேத்து மத்தியானம் என்னைய எல்.கே.ஜி.யப் பாத்துக்கச் சொல்லிக் கீழ அனுப்புனது நீங்க. நான் இருந்தா கேட்டிருப்பேன்."

ராஜபாண்டி ஷெர்லியின் பக்கம் திரும்பி, இங்கே நீ என்ன பார்த்தாய் என்று கேட்டார்.

"நான் ஒண்ணும் பாக்கல சார்."

அவள் முழங்காலில் தரைத்தூசி இன்னும் ஒட்டியிருந்தது. அவளுடைய சர்டிபிகேட்டும் அதே பச்சை பீரோவில்தான் இருந்தது.

ராஜபாண்டி பீரோ சாவியைக் கொடுத்து ஷெர்லியையே அனுப்பினார். அவள் கொண்டுவந்த சர்டிபிகேட் பைலை வாங்கி அனுசியாவிடம் நீட்டினார். கையெழுத்து வேண்டாம், எடுத்துக்கொண்டு போ, வெளியே வாயைத் திறக்காதே என்றார். பிளாஸ்டிக் உறைக்குள் பட்டச் சான்றிதழ் தெரிந்தது. அப்பா இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து தொட்டுப் பார்த்த தாள். இதை வாங்கிக்கொண்டு போனால் சாயங்காலத்துக்குள் இந்த அறையைக் கழுவிவிடுவார்கள்.

"ரம்யாவுக்கு டி.சி. குடுத்தாச்சுல்லா சார்?"

"குடுத்தாச்சு. அதுக்கென்ன?"

"ஜப்பான்ல பள்ளிக்கூடத்த விட்டுத் துரத்துன பிள்ள தன் மேசையையும் தூக்கிட்டுத்தான் போவும். எச்.எம். சார்கிட்ட கேளுங்க. இந்த மேசை அவ அம்மா வாங்குனது."

அனுசியா சாம்பலின்மேல் தம்ளரைக் கவிழ்க்கப் போனாள். அதற்குத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். கொட்ட மனம் வரவில்லை. சுண்ணக்கட்டிப் பெட்டியின் மூடியை எடுத்துச் சாம்பலை மூடி, துப்பட்டாவால் மேசையோடு சேர்த்துக் கட்டினாள்.

"அந்த மேசைய வச்சிட்டுப் போ," என்றார் ராஜபாண்டி. "இந்த பைல் இல்லாம இந்த ஜில்லாவுல எவனும் உன்ன வேலைக்குச் சேக்க மாட்டான்."

அது அவளுக்குத் தெரியும். தம்ளரைப் பார்த்தபோதே அவள் முடிவு செய்துவிட்டாள். முத்துக்கனி கேட்டில் நிற்கிறாள். மகளிர் காவல் நிலையத்துக்கு ஆட்டோவில் போய்விடலாம்.

நீட்டிய பைலைக் கடந்து, சாம்பல் சிந்தாமல், மேசையை இரண்டு கையாலும் நேராகப் பிடித்துக்கொண்டு அவள் படியிறங்கினாள்.