மூலைக்கு மூலை அறுபத்தைந்து

"ஏங்க... ஏங்க... அந்தக் குடையைக் கொஞ்சம் குடுங்களேன்!"

எப்சி திரும்பிப் பார்த்தாள். புரட்டாசிக் கடைசி மழை ஆம்பூரையே மூழ்கடித்துவிடுவேன் என்று கொட்டிக்கொண்டிருந்தது. சந்தின் நடுவே ஒரு குட்டியானை மினி லாரி நின்றிருந்தது. அதன்மேல் கட்டில் அகலத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி. மூடியிருந்த தார்ப்பாய் காற்றில் கிழிந்து பறக்க, பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான் ஒருவன்.

"குடைய உங்ககிட்ட குடுத்துட்டு நான் நனையறதா?"

"நீங்க நனைஞ்சா துவட்டினா சரியாயிடும். இது நனைஞ்சா என் கதை முடிஞ்சுதுங்க!"

அடேங்கப்பா... என்ன தைரியம்! முன்னே பின்னே தெரியாத ஒரு பெண்ணிடம் பேசுகிற பேச்சா இது?

"உள்ள இன்னா, கைக்குழந்தையா?"

"டி.வி.ங்க. பிளாஸ்மா. ஒரு புதுக் கார் வெலை. வேலூர் ஜில்லாவுலயே இவ்ளோ பெருசு இதான் மொதல்ல வருது."

முறைக்கத்தான் நினைத்தாள். ஆனால் அவன் இமையெல்லாம் நனைந்து, கண்ணைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் கெஞ்சினான் பாருங்கள்... அங்கேதான் வந்தது வினை. குடை கை மாறிவிட்டது.

"சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடறேன். எங்க வந்து குடுக்கணும்?"

"மக்பூல் பாய் தோல் கம்பெனி. அளவு செக்‌ஷன்ல எப்சின்னு கேளுங்க."

"நான் ஜெர்சன். காட்பாடி. இந்த டி.வி.யே மக்பூல் பாய் வூட்டுக்குத்தாங்க போவுது!"

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை... அதாவது, அவனுக்குத் தெரிகிற மாதிரி சிரிக்கவில்லை. கம்பெனிக்குள் நுழையும்போது தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. 'லூசாடி நீ' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அந்தக் கம்பெனியில் எப்சி என்றால் அளவு. அளவு என்றால் எப்சி. பதனிட்ட தோல் ஒவ்வொன்றும் எத்தனை சதுர அடி என்று பார்த்து, அதன் முதுகில் எண் போட்டு அனுப்புவது அவள் வேலை. மெஷின் சொன்னாலும் அவள் ஒருமுறை கையால் தடவிப் பார்த்து, "கால் அடி ஜாஸ்தி காட்டுது" என்பாள். மறுபடி மெஷினில் விட்டால் அவள் சொன்னதுதான் சரியாக இருக்கும். நாலு வருடத்தில் ஒரு தோல்கூட அளவு தப்பு என்று திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு. வயது இருபத்து நாலு. மூக்குக்கு மேல் கோபம் என்பாள் அவள் அம்மா ஆக்னஸ்.

பதினோரு மணிக்கு பங்களாவிலிருந்து ஆள் வந்தது. பாய் உடனே கூப்பிடுகிறாராம், டேப்பும் எடுத்துக்கொண்டு வரவேண்டுமாம்.

பங்களா ஹாலில் பாய் மக்பூல் அகமது இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். எதிர்ச் சுவரில் தேக்குச் சட்டம் போட்ட ஒரு மாடம். அந்த மாடம் எப்சி போட்ட கோடு. 'அறுபத்தஞ்சு இன்ச் டி.வி. வருதும்மா, சுவத்துல கோடு போட்டுக் குடு' என்று பாய் சொல்ல, இரண்டு வாரத்துக்கு முன்னால் அவள்தான் சாக்பீஸால் கோடு கிழித்துக் கொடுத்தாள். இப்போது அதற்குள் அந்த மகா பெரிய டி.வி. உட்கார்ந்திருக்கிறது... ஆனால் இடமும் வலமும் விரல் நாலும் நுழைகிற மாதிரி சந்து. மேலேயும் ஒரு முழம் காலி. பெரிய மாப்பிள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருந்தது.

பக்கத்தில் ஜெர்சன். கையில் ஸ்க்ரூ டிரைவர். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பெருநாளைக்கு இன்னும் ஆறே நாளு. சொந்தக்காரங்க அத்தினி பேரும் இத பாக்க வர்றாங்க," என்றார் பாய். "அறுபத்தஞ்சுன்னு சொல்லி சின்னத மாட்டிட்டுப் போறான் இவன். அளந்து சொல்லும்மா."

எப்சி டேப்பைப் பிடித்தாள். கண்ணாடியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்.

"அம்பத்தாறே முக்கால் பாய். எட்டே கால் இன்ச் கம்மி."

"கேட்டியா?" பாய் கர்ஜித்தார். "எப்சி அளந்தா நம்ம தோல் வாங்கற இத்தாலிக்காரனே வாயத் தொறக்க மாட்டான்!"

"சார், டி.வி.ய அப்படி அளக்கக்கூடாது சார்," ஜெர்சன் பதறினான். "மூலைக்கு மூலை அளக்கணும். உலகம் பூரா அப்படித்தான். ஏங்க, இந்த முனைய நான் புடிக்கறேன். நீங்க அந்தக் கீழ் மூலைக்கு இழுங்க."

இழுத்தாள். டேப் குறுக்காக ஓடிக் கீழ் மூலையில் நின்றது. குனிந்து பார்த்தாள்.

அறுபத்தைந்து. ஒரு நூல் கூடவில்லை, ஒரு நூல் குறையவில்லை.

இப்படி அச்சடித்த மாதிரி வருவது தற்செயல் இல்லை என்று அளவு தெரிந்த அவளுக்குத் தெரியாதா? அவன் சொல்வதுதான் சரி. அப்படியானால்... கோடு தப்பு. மாடம் தப்பு. எப்சி தப்பு! சமையலறை வாசலில் பாயின் மனைவி பில்கிஸ், பின்னால் டிரைவர், தோட்டக்காரர், எல்லாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அறுபத்தஞ்சு வரல பாய். அதுவுமில்லாம எந்தத் தோலையும் மூலைக்கு மூலை அளந்து யாரும் விக்கறதில்ல," என்றாள் எப்சி. "அப்படி அளந்தா ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலாயிடும்."

ஹாலே சிரித்தது. ஜெர்சனின் முகம் சிவந்துவிட்டது.

"தோல் அளக்கறவங்களக் கூப்ட்டு டி.வி. அளந்தா இப்படித்தான் சார் ஆவும்!"

"என் வூட்ல நின்னுகினு எங்க ஆளையே பேசறியா? நோன்பு வெச்சிருக்கேன், கத்த வைக்காத. கழட்டி எடுத்துக்கினு போ!"

அவன் ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினான். எப்சி டேப்பைச் சுருட்டிக்கொண்டு வேகமாக வெளியேறினாள்.

அன்று பகல் முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ஆறு அடித் தோலுக்கு ஒன்பது என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதினாள். தண்ணீர் குடிக்கப் போய் குடிக்காமல் திரும்பினாள். சாயங்காலம் வீட்டில் அம்மா தோசை வைத்தால் அதைப் பிய்த்துப் பிய்த்து ஓரம் கட்டினாள்.

"இன்னாடி பேஜார் உனக்கு? உட்காரவும் மாட்டேங்கற, நிக்கவும் மாட்டேங்கற?" என்றாள் ஆக்னஸ்.

"ஒண்ணுமில்லம்மா..."

ஒண்ணுமில்லையாம்! கண்ணை மூடினால் நனைந்த இமைகள்... திறந்தால் அறுபத்தைந்து என்ற எண். 'ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. அறுபத்தஞ்சு பாய்னு சொல்லியிருந்தா போதுமே... நாக்குல என்ன முள்ளா குத்துச்சு?' என்று புரண்டு புரண்டு படுத்தாள்.

மறுநாள் மதியம், கம்பெனி கேட்டில் யாரோ பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஓடினாள். ஜெர்சன். கையில் அவள் குடை, ஒழுங்காக மடித்துப் பட்டன் போட்டு.

"நேத்தே குடுத்திருக்கணும். மன்னிச்சுக்கோங்க."

"எனக்கு... குடை ஒண்ணும் அவசரமில்ல."

"எனக்குதாங்க அவசரம். நாளன்னிக்குக் காலைல பெங்களூர் போறேன். அங்க மாமா இருக்காரு, எதுனா வேலை பாத்துத் தர்றேன்னாரு."

"ஏன்... இங்க கடை வேலை இன்னா ஆச்சு?"

அவன் தரையைப் பார்த்தான். "கஸ்டமர எதிர்த்துப் பேசிட்டேன் இல்ல. அந்த டி.வி.ய பாய் திருப்பி எடுத்துக்கினா வா, இல்லன்னா வராதன்னு மொதலாளி சொல்லிட்டாரு. அவர்மேல தப்பில்லீங்க, அவ்ளோ பெரிய வியாபாரம் கைவிட்டுப் போச்சு."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் பதிலுக்கு நாலு பேசியிருப்பாள். பாவி, குடையைக் கொடுத்துவிட்டு "மழைல நனையாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்! கேட்டிலேயே நின்று, அவன் பஸ் ஏறி, பஸ் பள்ளிகொண்டா பக்கம் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது.

அன்றைக்கே பாயிடம் போயிருக்கலாம். இரண்டு முறை அவர் அறை வாசல்வரை போனாள். இரண்டு முறையும் திரும்பி வந்தாள். இத்தனை வருடப் பேர்... அளவுக்காரி வாயாலேயே 'தப்பா சொன்னேன்' என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அப்புறம் அவள் எழுதுகிற எண்ணை எவன் நம்புவான்?

மூன்றாம் நாள் காலை எப்சி யோசிக்கவில்லை. யோசித்தால் மறுபடி திரும்பிவிடுவோம் என்று அவளுக்கே பயம். பாய் செக்‌ஷனுக்கு வந்து, எல்லாரும் சுற்றி நிற்க, தோல் புரட்டிக்கொண்டிருந்தார். நேரே போய் நின்றாள்.

"பாய்... அந்த டி.வி. அறுபத்தஞ்சுதான். டி.வி.ய மூலைக்கு மூலைதான் அளக்கணும். நான் போட்ட கோடுதான் தப்பு."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "இப்பதான் தெரிஞ்சுதா?"

இங்கே 'ஆமா' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். தொண்டை வரை வந்தது.

"இல்ல பாய். அன்னிக்கே தெரியும். டேப்புல பாத்தேன்... பாத்துட்டே மாத்திச் சொன்னேன். என் கோடு தப்புன்னு எல்லார் எதிர்லயும் ஒத்துக்க மனசு வரல. அந்தாளுக்கு வேலை போயிடுச்சு பாய்."

செக்‌ஷனில் பாதிப் பேர் வேலையை நிறுத்திவிட்டார்கள். பாய் கத்தாமல் மெதுவாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் வலித்தது.

"அளவு தப்பாச்சுன்னா திருத்திக்கலாம்மா. தெரிஞ்சே மாத்தினா... இனிமே நீ இந்த டேபிள்ல வேணாம். பேக்கிங்ல போய் நில்லு." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, "கடைக்கு நான் போன் பண்றேன். டி.வி. இன்னிக்கே வரணும், அதே பையன்தான் வந்து மாட்டணும். நீயும் வா. கோணலா கோடு போட்டவளே வந்து புதுக் கோடு போட்டுக் குடு," என்றார்.

மத்தியானமே வண்டி வந்துவிட்டது. எப்சி கோடு போட, கொத்தனார் கட்டை வைத்து மாடத்தைச் சுருக்கிவிட்டுக் கை கழுவப் போனார். ஜெர்சன் டி.வி.யை மாட்டிக்கொண்டிருந்தான். ஹாலில் அவர்கள் இரண்டே பேர். வெளியே மறுபடி மழை.

"உங்கள பேக்கிங்குக்கு மாத்திட்டாராமே," என்றான், திரும்பாமலே.

"ம்."

"எதுக்குங்க போய்ச் சொன்னீங்க? நான்தான் எப்படியோ பொழச்சுக்கப் போறேனே..."

"நான் பொய் சொன்னேன், ஜெர்சன்." முதல்முறை அவன் பேரைச் சொல்கிறாள். "உங்களுக்குத் தெரியாது... அன்னிக்கு டேப்புல அறுபத்தஞ்சுன்னு நான் பாத்தேன். பாத்துட்டேதான்..."

"தெரியும்."

"இன்னா?"

"நீங்க பாத்தத நானும் பாத்தேன்." ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "நீங்க குனிஞ்சு எண்ணப் பாத்தீங்க. நான் உங்க கண்ணப் பாத்துகினு இருந்தேன். அதுல எல்லாமே தெரிஞ்சுபோச்சு."

எப்சி ஓரடி முன்னே வந்தாள். "அப்ப... எல்லார் எதிர்லயும் சொல்லியிருக்கலாமே? டேப்ப வாங்கிக் காட்டியிருந்தா உங்க வேலை போயிருக்காதே?"

"சொல்லியிருக்கலாம். வாயத் தொறந்தேன்..." அவன் சங்கடமாகச் சிரித்தான். "கொட்டற மழைல எனக்காகக் குடையக் குடுத்துட்டு நனைஞ்சுகினே போன பொண்ண, அத்தினி பேர் எதிர்ல பொய்க்காரின்னு சொல்ல மனசு வரலீங்க. கோவத்துல தோல் அளக்கறவங்கன்னு ஏதோ சொல்லிட்டேன். அது மட்டும்தான் என்னால முடிஞ்சுது."

அவளுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கத் துடைக்க வந்தது.

"ஐயோ... அழாதீங்க! பாய் பாத்தா இன்னா நெனைப்பாரு?"

"இன்னா வேணா நெனைக்கட்டும்! மூணு நாளா சோறு எறங்கல எனக்கு. தூக்கமில்ல, வேலை ஓடல, ஒரு இடத்துல நிக்க முடியல..."

"தப்பு பண்ணிட்டோம்ங்கற உறுத்தல்தான். இப்ப சொல்லிட்டீங்க இல்ல, சரியாயிடும்."

"உறுத்தல் காலைலயே போயிடுச்சு. பாய்கிட்ட சொன்னதும் போயிடுச்சு." மூக்கை உறிஞ்சினாள். "ஆனா வேலை திரும்பக் கெடைச்சும் நீங்க நாளைக்கு ரயில் ஏறிடுவீங்களோன்னு நெனச்சா, அது மட்டும் போவல. எனக்கு உங்களப் புடிச்சிருக்கு, ஜெர்சன். பெங்களூர் போவாதீங்க..."

உள்ளேயிருந்து பில்கிஸின் குரல் வந்தது. "ஏம்ப்பா, படம் வந்துச்சா இல்லியா?"

"வருதும்மா... வருது!" என்று கத்தினான் ஜெர்சன். ரிமோட்டைத் தலைகீழாகப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தான். அப்புறம் அதைச் சோபாவில் போட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினான்.

"ஞாயித்துக்கிழமை இந்த ஊர் சர்ச்சுல எத்தினி மணி ஆராதனைக்குப் போவீங்க?"

"ஒம்போது மணி. ஏன்?"

"அம்மாவ கூட்டினு வர்றேன். பொண்ண பாக்கணும்னு ரெண்டு வருசமா என்னத் தொல்ல பண்ணிகினு இருக்காங்க. எந்தப் பக்கம் உக்காருவீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

எப்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து தொலைத்தது.

"நீங்க ஒண்ணும் தேட வேணாம்," என்றாள். "நான் வாசல்லயே நிக்கறேன்."