மயக்கம் தெளிந்து வந்தவர்

2023 மார்ச் 14, செவ்வாய்

இன்று ஒரு சிறிய பிழை விட்டேன். மயக்க மெஷினில் உள்ள நீலப் பெட்டிக்குச் சுவிட்ச் போட மறந்துவிட்டேன்.

நீலப் பெட்டியில் இருப்பது டெஸ்ஃபுளூரேன். மின்சாரத்தில் சூடேறிய பிறகுதான் அது வாயுவைக் கொடுக்கும். பக்கத்து மஞ்சள் பெட்டியில் இருப்பது செவோஃபுளூரேன். அதற்கு மின்சாரம் வேண்டாம். எடை குறைக்க வயிற்றைச் சிறிதாக்கும் ஒப்பரேஷனுக்கு வருகிறவர்களுக்கு மயக்க மருந்து டொக்டர் நஸீறா எப்போதும் நீலத்தைத்தான் திறப்பார். பருத்த உடம்பில் செவோ கொழுப்புக்குள் போய்த் தங்கிக்கொண்டு, மூடிய பிறகும் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். டெஸ்ஃபுளூரேன் அவ்வளவு தங்காது. ஆள் சுறுக்காக எழும்பிவிடுவார். போன கிழமை மயக்க உதவியாளர் மாலை வகுப்பில் இதை எழுந்து நின்று விளக்கியவளே நான்தான். அப்படியிருந்தும் மறந்தேன்.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் உள்ள எங்கள் ஆஸ்பத்திரி ஒரு காலத்தில் யாரோ குடியிருந்த பெரிய வீடு. ஒப்பரேஷன் தியேட்டர் மேல்மாடியில் இருக்கிறது. அதன் யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்து வெள்ளை பூசியிருக்கிறார்கள். கதவைச் சாத்தினால் வெயிலா மழையா தெரியாது.

இன்றைய நோயாளி கௌரி. யாழ்ப்பாணத்துக்காரர்; இங்கே வெள்ளவத்தையில் கணக்கு ரியூஷன் கொடுப்பவர். மேசையில் ஏறும்போதே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பிள்ளை, இது தாங்குமோ? உடைஞ்சு விழுந்தா கீழ நிக்கிற எங்கட மனுசனுக்கு மேலதான் விழுவன்."

"தாங்கும் அன்ரி."

"விழுந்தாலும் பிழையில்லை. 'இன்னும் ஒரு புட்டு சாப்பிடும், இன்னும் ஒரு புட்டு சாப்பிடும்' எண்டு என்னை இப்பிடி ஆக்கினவர் அந்தத் தியாகராசாதான்."

கையில் ஊசி ஏற்றியதும் சிரிப்பு நின்றது. என் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்ப எழும்புவன்தானே?"

"ஓம் அன்ரி. எழும்பேக்க நான் பக்கத்தில நிப்பன்."

அவர் தூங்கியதும் தொண்டையில் குழாயை வைத்துவிட்டு, டொக்டர் நஸீறா நீலப் பெட்டியின் பக்கம் திரும்பினார். அதில் விளக்கு எரியவில்லை. என்னைப் பார்த்தார். சத்திரசிகிச்சை நிபுணர் அலவி கையுறை போட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"சூடேறுற வரைக்கும் நிக்க ஏலாது நஸீறா. மஞ்சளைத் திறங்க," என்றார் அவர்.

டொக்டரின் கை மஞ்சள் பெட்டியின் திருகில் இருந்தது. உடனே திருகவில்லை. என் மேல் கோபம் என்று நினைத்தேன். அது கோபமில்லை என்று இப்போது தெரிகிறது.

ஒப்பரேஷன் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. வாயுவை மூடினார்கள். அலவி வெளியே போனார். நானும் டொக்டரும் மட்டும் தலைமாட்டில் நின்றோம். செவோவின் இனிப்பான மணம் மெல்லியதாக இருந்தது. ஏசி இரைந்துகொண்டிருந்தது.

கௌரி மூச்சு விட்டார். கண் திறக்கவில்லை.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தோம்.

இமைகூட அசையவில்லை.

டொக்டர் மொனிட்டரைப் பார்க்கவில்லை. அடைத்த யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"கூப்பிடுங்க தனுஷியா. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. நிப்பாட்டாதீங்க."

என் அம்மாவின் வயதுள்ளவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. காதருகே குனிந்து, "அன்ரி... அன்ரி... எழும்புங்கோ அன்ரி," என்றேன்.

டொக்டர் என் தோளைப் பிடித்து இழுத்தார். "பேரை! பேரைச் சொல்லுங்க!"

அதற்குள் கண்கள் திறந்துவிட்டன.

குழாயை எடுத்ததும் அவர் இருமினார். என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். இரண்டு கைகளையும் தூக்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எந்திரிச்சுட்டேனா?" என்று கேட்டார். "கதவ யாரு மூடுனது? எவ்வளவு நேரமா தட்டுறேன்."

குரல் கௌரியுடையதுதான். ஆனால் யாழ்ப்பாணத்து ரியூஷன் ரீச்சர் ஒருவர் அப்படிக் கதைக்கமாட்டார். அது இந்த ஆஸ்பத்திரிக்குக் கிட்ட உள்ள ஜிந்துப்பிட்டிப் பக்கத்துப் பேச்சு.

"எங்க வீட்டுக்காரரு வந்தாரா? இராமருன்னு பேரு. கீழ நிப்பாரு."

மயக்கம் தெளியும்போது ஆட்கள் என்னவெல்லாமோ பிதற்றுவார்கள். அதனால் என் காதைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ஆனால் டொக்டர் நஸீறா சுவரில் சாய்ந்து நின்றார். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

கௌரியை வார்ட்டுக்குக் கொண்டுபோனார்கள். டொக்டரும் கூடப் போனார். நான் மெஷினைத் துடைக்கத் தொடங்கினேன். நடந்ததைக் கண்ட வரிசையிலேயே எழுதுகிறேன். இரண்டு பெட்டிகளும் மூடியிருந்தன. ஒட்சிசனும் நிறுத்தியிருந்தது. மெஷினின் மூச்சுக் குழாயின் மறுமுனையில் யாரும் இல்லை.

மெஷினில் தொங்கிய கறுப்பு மூச்சுப் பை மெல்ல உப்பியது.

சுருங்கியது.

மீண்டும் உப்பியது.

குழாயின் நுனியை எடுத்து இடது உள்ளங்கையில் பிடித்தேன். சூடான மூச்சு பட்டது.

"பிள்ளை," என்றது குழாய்.

நான் அசையவில்லை.

"இருட்டாக் கிடக்கு பிள்ளை. ஒப்பரேஷன் முடிஞ்சுதோ? நீர் பக்கத்தில நிப்பன் எண்டனீர்..."

கதவை நோக்கி ஓட நினைத்தேன். நான்கு சுவரும் கிட்ட வந்துவிட்டதுபோல இருந்தது. கதவு திறந்து டொக்டர் உள்ளே வந்தபோதுதான் என்னால் மூச்சு விட முடிந்தது. அவரும் குழாயருகே குனிந்து கேட்டார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நீலப் பெட்டி வர முந்தி இங்க மஞ்சள் மட்டும்தான்," என்றார். "ஜிந்துப்பிட்டியில இருந்து ஒருத்தி வந்தா. இராமலெட்சுமி. இதே ஒப்பரேஷன்தான். எல்லாம் சரி. வாயுவை மூடினேன். அவ எழும்பவே இல்ல. ஏன் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது."

"அதுக்குப் பிறகு?"

"மஞ்சள்ல ஆரும் தெளியப் பிந்தினா, அந்த அடைச்ச யன்னல் சுவருக்குள்ள தட்டுற சத்தம் கேக்கும். அதான் எல்லாருக்கும் நீலம். புத்தகத்துல இருக்கிற காரணமும் சரிதான். என்ட காரணம் இது." என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நீங்க அன்ரி எண்டு கூப்பிட்டீங்க. அன்ரி எண்டா ஆரும் வரலாம்தானே."

பின்னேரம் அலவி வந்து, கௌரியின் வயிற்றில் வைத்த குழாயில் இரத்தம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது என்றார். காலையில் திரும்பவும் மயக்கி உள்ளே பார்க்க வேண்டுமாம். அவர் போன பிறகு டொக்டரிடம் கேட்டேன்.

"நாளைக்கு நீலம்தானே?"

"இல்ல. நீலத்துல ஆள் சுறுக்கா எழும்பிருவாங்க, கதவு திறந்த கையோட மூடிரும். கௌரி வெளியால வர நேரம் வேணும். மஞ்சள்."

"அப்ப மற்றவ?"

டொக்டர் அடைத்த யன்னலின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்குப் போகுமுன் வார்ட்டுக்குப் போனேன். தியாகராசா வாசலில் நின்றார்.

"பிள்ளை, என்னைப் பாத்து 'நீங்க யாருங்க' எண்டு கேக்கிறா. மருந்தாலதானே? விடியத் தெளிஞ்சிடுமே?"

"ஓம் அங்கிள்," என்றேன். வேறு என்ன சொல்வது?

உள்ளே, கௌரியின் உடம்பில் இருப்பவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணை மூட மறுக்கிறார் என்று தாதி சொன்னார். என்னைக் கண்டதும் கிட்ட வரும்படி தலையை அசைத்தார். மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் என் கை மரத்துப்போனது.

"நீதானே என்னையக் கூப்பிட்ட," என்றார் கிசுகிசுப்பாக. "இத்தன வருசத்துல ஒருத்தருமே கூப்பிடல. நீ மட்டும்தான். நல்லா இருப்ப."

நான் கையை இழுத்தேன். விடவில்லை.

"நாளைக்கு மறுபடி மயக்கப் போறாங்களாமே? வேணாம்னு சொல்லும்மா. அங்க ஒண்ணுமே இல்ல. இருட்டுதான். நான் வரும்போது வழியில ஒரு பொம்பள அழுதுகிட்டு நின்னா. பாவம். அவளத் தாண்டித்தான் வந்தேன்."

அந்தக் கண்களில் தண்ணீர் வழிந்தது. கௌரியின் கண்கள். அழுதது யார் என்று தெரிந்தும், எனக்கு அவர் மேல் இரக்கமாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

வகுப்புக்குப் போகவில்லை. அறையில் யன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். கடல் காற்று வருகிறது. கையைச் சவர்க்காரம் போட்டுப் பல தடவை கழுவிவிட்டேன். எழுதாமல் மேசையில் விரித்து வைத்திருக்கும் இடது உள்ளங்கையில், விட்டு விட்டு, சூடான மூச்சு பட்டுக்கொண்டே இருக்கிறது.

நாளை: விடிய முதல் பஸ்ஸில் போக வேண்டும். மஞ்சள் பெட்டியை நிரப்ப வேண்டும். வாயுவை மூடியதும் காதருகே நின்று "கௌரி" என்று பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். இராமலெட்சுமி அழுதாலும் நிறுத்தக்கூடாது.