வசந்தா இல்லாத வளைகாப்பு

அடுக்களைக் கதவைத் தாழ்போட்டவர் பரணிதரன்தான். வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, சம்பந்தி வீட்டாரின் வேன் குவார்ட்டர்ஸ் தெருமுனையில் திரும்புகிற சத்தம் கேட்டதும், ஏழு வகைச் சாதத்தையும் கூடத்துக்கு எடுத்து வந்து அடுக்கிவிட்டு, அக்கா வசந்தாவை உள்ளே விட்டு வெளிப்பக்கம் தாழை இழுத்தது அவருடைய கைதான். அப்படியிருக்க, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த வளைகாப்பு வீடியோவில், மகள் ஸ்வாதி உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், அடுக்களை வாசலில், பழுப்பேறிய வெள்ளைச் சேலையோடு வசந்தா நின்றுகொண்டிருந்தாள்.

பரணிதரனுக்குப் பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து தலையைக் காட்டியிருப்பாள், கேமராவைக் கண்டால் விடுவாளா என்று நினைத்தார். அவருடைய கணக்கில் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். ஒன்று அவர், இன்னொன்று விவரங்கெட்டவர்கள். இரண்டாவது வகையில் வசந்தாவுக்கு எப்போதும் முதல் இடம் உண்டு. புருஷனைப் பறிகொடுத்து இருபத்தோரு வருஷம் ஆகியும் எங்கே நிற்க வேண்டும், எங்கே நிற்கக்கூடாது என்று தெரியாதவள். செங்கல்பட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து விடிவதற்குள் வந்து, ஒற்றை ஆளாக எல்லாச் சாதத்தையும் கிளறி வைத்தவளும் அவள்தான். அதை அவர் ஒரு தகுதியாக எடுத்துக்கொள்ளவில்லை. விழா முடிந்து தாழைத் திறந்தபோது அவள் கொல்லைக் கதவு வழியாகக் கிளம்பிப் போயிருந்தாள். சாப்பிட்டாளா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஸ்வாதிக்கு இது மூன்றாவது கர்ப்பம். முதல் இரண்டும் தங்கவில்லை. ஏழு மாதத்தைத் தாண்டிய இதுவாவது நிற்க வேண்டுமானால், வளைகாப்புக்கு உட்காரும் ஒரு மணி நேரம் தவிர, படுக்கையை விட்டு எழவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். முன்பு கலைந்ததற்கெல்லாம் அந்த அத்தைக்காரியின் ராசிதான் காரணம் என்று சம்பந்தியம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கிற பரணிதரனுக்கு ராசியில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. சம்பந்தியம்மாவிடம் பயம் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் மாப்பிள்ளை ரோஹித்துக்கு அனுப்புவதற்கு நாளைக்கே சி.டி. வேண்டுமென்று அவள் இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். அதில் வசந்தா ஒரு நொடி தெரிந்தாலும் போதும், ஸ்வாதியைப் பிரசவத்துக்குப் பிறகு அழைத்துப் போவதே சந்தேகம்.

வெட்டுவதை வீடியோக்காரன் செல்வராஜிடமே விட்டிருக்கலாம். ஆனால் சதுரங்கப்பட்டினத்துச் செல்வராஜின் கைவண்ணம் ஊருக்கே தெரியும். மணப்பெண் தலையில் அருவி கொட்டும், மாப்பிள்ளையின் முகம் ரோஜாப்பூவுக்குள் சுழலும். அந்த அசிங்கத்துக்குக் கூலி வேறு கொடுப்பதா என்று, கேமராவைக் கொண்டுவந்து ஒயரை மாட்டி முழு டேப்பையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுப் போகச் சொல்லிவிட்டார் பரணிதரன். கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்த மென்பொருள் இருக்கவே இருக்கிறது. திரையின் அடிப்பகுதியில் படம் முழுவதும் நீளமாக ஒரு பட்டைபோலக் கிடக்கும். வேண்டாத இடம் தொடங்குமிடத்தில் ஒரு வெட்டு, முடியுமிடத்தில் ஒரு வெட்டு, நடுவில் இருப்பதைத் தொட்டு டிலீட் விசை. மீதிப் படம் தானாக நகர்ந்து வந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். அங்கே ஒன்று இருந்ததற்கான தடமே இருக்காது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் இதைக் கற்றுக்கொண்டுவிட்ட பரணிதரன், இதற்குப் போய் ஒரு தொழில் என்று பெயர் வைத்திருக்கிறார்களே என்று செல்வராஜ் ஜாதி மொத்தத்தையும் நினைத்து ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டார்.

அடுக்களை வாசல் துண்டை வெட்டினார். டிலீட்.

உள் அறையிலிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்வாதி அங்கே தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி தெய்வநாயகி பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். வெளியே சவுக்குத்தோப்பு வெயிலில் அசையாமல் நின்றது. அதற்கு அப்பால் கடல் மட்டும் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. பரணிதரன் அடுத்த காட்சியை ஓட்டினார்.

சம்பந்தியம்மா முதல் வளையலைப் போடுகிறாள். சுற்றிலும் பட்டுச்சேலைகள், பிளாஷ் வெளிச்சம், யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் இருமுகிறாள். அந்தக் கும்பலுக்கு நடுவில் வசந்தா. இந்தத் தடவை வாசலில் இல்லை, கூடத்திலேயே இருந்தாள். சம்பந்தியம்மாவின் தோளுக்குப் பின்னால், தோளோடு தோள் உரசுகிற தூரத்தில், யாரும் அவளைத் திரும்பிப் பார்க்காமல். அவளுக்குப் பின்னால் அடுக்களைக் கதவு சாத்தியிருந்தது. தாழ் போட்டிருந்தது தெளிவாகவே தெரிந்தது.

அந்த இடத்தில் வெள்ளிக்கிழமை நின்றவர் பரணிதரன். சம்பந்தியம்மாவுக்கு வளையல் தட்டை நீட்டிக்கொண்டு, சரியாக அதே இடத்தில்.

வெட்டினார். உள்ளே மறுபடியும் 'டிக்'. கூடவே இன்னொன்று.

செல்வராஜுக்குப் போன் போட்டார். பின்னணியில் மேளச் சத்தம் காதைக் கிழித்தது.

"யோவ், எங்க அக்கா கூடத்துல வந்து நின்னத ஏன்யா எடுத்த? எடுக்காதன்னு சொன்னேன்ல?"

"யாரு சார், வெள்ளப் பொடவ அம்மாவா? அவங்க எங்க சார் வந்தாங்க? நீங்கதான அவங்கள உள்ள வச்சி தாப்பா போட்டீங்க! நான் லைட்டு மாட்டிகினு இருந்தேன், கண்ணால பாத்தேன். பாவமா பூட்ச்சி சார்."

"உம் பாவத்தயெல்லாம் நான் கேக்கல. அந்த டேப்ப எடுத்துக்கினு இப்பவே வா."

"டேப்பா? அதுமேலதான் சார் இப்ப கூவத்தூர்ல காதுகுத்து புட்சிகினு கீறேன். அதான் உங்க கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடுத்துட்டேனே, இன்னா சார் பேஜாரு?"

குடிகாரப் பயல், எதைப் பார்த்தானோ என்று போனை வைத்தார். அவன் குடிப்பவன் இல்லை என்பது பரணிதரனுக்குத் தெரியும். ஆனால் வேறு எந்த வசையும் அப்போது வாயில் வரவில்லை.

மூன்றாவது காட்சியில் வசந்தாவின் கையில் வளையல் தட்டு இருந்தது. அவள் கேமராவைப் பார்க்கவில்லை. திரையில் அலைந்துகொண்டிருந்த மவுஸின் வெள்ளை அம்புக்குறியைப் பார்த்தாள். அவர் அதை இடது பக்கம் நகர்த்தினார், கண்கள் இடது பக்கம் போயின. மேலே கொண்டுபோனார், மேலே வந்தன. மானிட்டரின் சூட்டிலும் தூசியிலும் எப்போதும் வீசும் வாடைக்கு நடுவே, அப்போதுதான் கல்லில் அரைத்து வழித்ததுபோல ஈரச் சந்தன வாசனை ஒன்று வந்தது. வெள்ளிக்கிழமைச் சந்தனம் கிண்ணத்தோடு காய்ந்து வெடித்துச் சனிக்கிழமையே குப்பைக்குப் போயிருந்தது.

டிலீட்.

தெய்வநாயகி அறைவாசலில் வந்து நின்றாள். உள்ளங்கையைக் குவித்திருந்தாள். அதில் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடிச் சில்லுகள் கிடந்தன.

"இன்னாங்க இது, பாப்பா கையில வளையலு ஒன்னொன்னா ஒடையுது. தூக்கத்துல கைய அசைக்கவே இல்ல. தானா ஒடையுது."

"சம்பந்தி வாங்கின வளையல் அந்த லட்சணத்துலதான் இருக்கும். போய் உக்காரு."

"அக்காவுக்கு ஒரு போன் பண்ணுங்க. அன்னிக்கி சொல்லாம கொள்ளாம போனவங்க, மனசு நொந்து போயிருப்பாங்க. மூணு வயசு வரைக்கும் இவள வளத்தவங்க..."

"இப்ப நீ போறியா இல்லியா?"

போனாள். அவளும் விவரங்கெட்டவள்தான், முப்பது வருஷமாகத் தெரிந்ததுதானே என்று பரணிதரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு போன் செய்திருக்கலாம். அக்கா, வந்து குழந்தை கையில் நீயும் ஒரு வளையலைப் போடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைக்கு அவர் நாக்கு பழகியிருக்கவில்லை.

வெட்ட வெட்ட அவள் நெருங்கினாள். நாற்காலிக்குப் பின்னால் வந்தாள், வெட்டினார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள், வெட்டினார். ஸ்வாதியின் தலையில் கை வைத்தாள், ஸ்வாதி அண்ணாந்து அவளைப் பார்த்துச் சிரித்தாள். விழா முழுவதும் ஒரு தடவைகூடச் சிரிக்காத பெண், பல் தெரியச் சிரித்தாள். அதையும் வெட்டினார். ஒரு மணி நேரப் படம் இருபது நிமிடமாயிற்று. நான்கு நிமிடமாயிற்று. ஒவ்வொரு டிலீட்டுக்கும் உள்ளே ஒரு 'டிக்'. பிறகு இரண்டிரண்டாக. தெய்வநாயகி என்னவோ சொல்லி அழுகிற சத்தம் கேட்டது, அதுவும் பாதியில் சட்டென்று நின்றுபோனது. ஏன் நின்றது என்று எழுந்து பார்க்கவில்லை.

கடைசியில் பதினோரு விநாடி மிஞ்சியது. ஸ்வாதியின் முகம் மட்டும். வேறு யாரும் இல்லை.

அப்பாடா என்று மூச்சு விட்டார். ஓட்டினார்.

நான்காவது விநாடி முடிந்ததும் வலது பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. வளையல் இல்லாத மணிக்கட்டு. விரல் நுனியில் சந்தனம். ஸ்வாதி கன்னத்தை அதனிடம் காட்டினாள். எட்டாவது விநாடியில் அம்புக்குறியைப் பார்த்தாள். நேராக.

"போதும்ப்பா," என்றாள்.

வெள்ளிக்கிழமை அவள் அப்படிச் சொல்லவில்லை. அவருக்கு நிச்சயமாகத் தெரியும்.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதல் நான்கு விநாடி சுத்தமாக இருந்தது. கை வருவதற்கு முன்னால், முகம் மட்டும். அது போதும். அதைச் சம்பந்தியம்மாவிடம் காட்டலாம். நான்காவது விநாடியின் முடிவில் வெட்டினார். மிச்சத்தைத் தொட்டார்.

டிலீட்.

உள்ளே சத்தம் வரவில்லை. காத்திருந்தார். ஒன்றுமே வரவில்லை. கடல் மட்டும் இரைந்தது.

நான்கு விநாடியை ஓட்டினார். வெறும் நாற்காலி.

மறுபடியும் ஓட்டினார். நாற்காலி. பின்னால் சுவர்.

அன்டூ. செய்ததைத் திருப்பிப் போடுகிற விசை. அழுத்தினார். வெட்டிய துண்டு திரும்பி வந்தது. அன்டூ. இன்னொன்று. அன்டூ, அன்டூ, அன்டூ. துண்டுகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொண்டன. இருபது நிமிடம். நாற்பது. ஒரு மணி நேரம். முழுப் படமும் வந்துவிட்டது. ஆரம்பத்திலிருந்து ஓட்டினார்.

கூடம். பட்டுச்சேலைகள். பிளாஷ் வெளிச்சம். நாற்காலியில் வசந்தா.

கழுத்தில் மாலை. நரைத்த தலை நிறையப் பூ. பழுப்பேறிய சேலைக்கு அடியில் ஏழு மாத வயிறு. சம்பந்தியம்மா குனிந்து அவளுக்கு வளையல் போட்டு, கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். படத்தில் பரணிதரனும் சிரித்துக்கொண்டு தட்டை நீட்டினார். அடுக்களைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. ஸ்வாதியைத் தேடினார். வேகமாக ஓட்டித் தேடினார். கூட்டத்தில் இல்லை. வாசலில் இல்லை. எங்கேயும் இல்லை.

"ஸ்வாதீ!"

எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. உள் அறைக்கு ஓடினார்.

தெய்வநாயகி உதட்டில் விரலை வைத்தாள். முகத்தில் அழுத தடமே இல்லை.

"ஏன் கத்துறீங்க? பொண்ணு இப்பதான் கண்ணசந்தா."

கட்டிலில் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தது ஒரு நரைத்த தலை. இரண்டு கைகளிலும் முழங்கை வரை வளையல்கள். ஒன்றுகூட உடையவில்லை.

"ஸ்வாதி எங்க?" என்றார்.

"யாரு?" என்றாள் தெய்வநாயகி. பிறகு அதை மறந்துவிட்டவளாகச் சிரித்தாள். "இங்க வாங்க. கைய வச்சிப் பாருங்க. காலையிலேர்ந்து உள்ள ஒரே ஆட்டம்."

படுத்திருந்தவள் மெதுவாகத் திரும்பினாள். ஐம்பத்தெட்டு வயது முகம். கன்னத்தில் ஈரச் சந்தனம். மூத்தவள் தம்பியைப் பார்க்கும் பார்வை இல்லை அது, மகள் அப்பாவைப் பார்க்கும் பார்வை. அவருடைய கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அவர் இழுத்துப் பார்த்தார். விடவில்லை.

உள்ளங்கைக்கு அடியில் ஏதோ புரண்டது. குழந்தையின் கால் இல்லை. வளர்ந்த கையின் ஐந்து விரல்கள். அவருடைய விரல்களைத் தேடித் தடவின. அப்போது, தோலுக்கும் சதைக்கும் அடியில் வெகு ஆழத்திலிருந்து, கை நிறையக் கண்ணாடி வளையல்கள் குலுங்கும் சத்தம் கேட்டது.