இடது இமைக்கு வந்த புண்ணியவான்

கோகிலவாணிக்கும் தரணிதரனுக்கும் நடந்துகொண்டிருந்த சண்டைக்கு அன்றோடு நான்கு மாதம் முடிந்தது. குழந்தையாக இருந்திருந்தால் இந்நேரம் குப்புற விழுந்திருக்கும்.

அவர்களை மட்டும் குறை சொல்லக்கூடாது. அந்தக் காலத்துக் கோயமுத்தூரில் யார் சண்டைதான் முடிந்தது? உக்கடம் மீன் சந்தையில் ஒரு வஞ்சிரத்துக்கு விலை பேச ஆரம்பித்தால், பேச்சு முடிவதற்குள் மீன் கருவாடாகிவிடும். ஜன்னலோர இருக்கைக்காக இரண்டு பேர் தொடங்கிய வாக்குவாதம் தீராமல், அந்தப் பேருந்து பொள்ளாச்சிக்குப் போய்வந்து போய்வந்து, கடைசியில் ஓட்டுநருக்கே ஓய்வு பெறும் வயது வந்துவிட்டது என்று சொல்வார்கள். காரணம் ஒன்றுதான். ஊரில் யாரும் இமைப்பதில்லை.

இமையைச் சாமானியமாக நினைத்துவிடாதீர்கள். உடம்பிலேயே மெல்லிய தோல் அதுதான். தோலுக்கு அடியில் கண்ணைச் சுற்றி வளையமாக ஒரு தசை. மூடுவது அதன் பொறுப்பு. மேலிமையைத் தூக்குவதற்குத் தனியாக இன்னொன்று. இமை துவண்டு விழாமல் இருக்க உள்ளே விசிட்டிங் கார்டு போல விறைப்பாக ஒரு தகடு, அந்தத் தகட்டுக்குள் வரிசை கட்டி எண்ணெய்ச் சுரப்பிகள். ஒவ்வொரு இமைப்பிலும் கண்ணீரைச் சீராகத் தடவி, அது காய்ந்துபோகாமல் மேலே எண்ணெய் பூசி, தூசியையும் துடைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை போல மேலே போய்விடும்.

அகலவிழி நிறுவனத்தார் இதையெல்லாம் அளந்து பார்த்தார்கள். இமைக்கும் நேரத்தையெல்லாம் கூட்டினால், விழித்திருக்கும்போதே ஒரு மனிதன் நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் எதையும் பார்க்காமலே கழிக்கிறான் என்று தெரிந்தது. அவர்களுக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றிலிருந்து பிறந்ததுதான் தெளிபடலம். கண்ணின் மேல் ஒட்டிக்கொள்ளும் கண்ணாடித் தோல். தானே நனையும், தானே துடைத்துக்கொள்ளும். இமைக்கு வேலை போய்விட்டது. அதைக் கடை ஷட்டர் மாதிரி மேலே மடித்து ஒரு சின்னக் கொக்கியில் மாட்டிவிடுவார்கள். சுரப்பிகளைத் தூங்க வைக்க ஒரு சொட்டு மருந்து. தூக்கம் வந்தால் ‘காருள்’ என்று சொன்னால் போதும், படலம் கறுத்துவிடும்.

‘வானுலகத்துத் தேவர்கள் இமைப்பதில்லை. இனி நீங்களும்தான்! தினமும் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பாருங்கள்!’ என்று ஊரெல்லாம் விளம்பரம். தேவர்களுக்குக் கால் தரையில் படாதாமே என்று கேட்டவர்களுக்கு, அந்த வசதி ஆராய்ச்சியில் இருப்பதாகப் பதில் வந்தது.

அவர்கள் அளக்காமல் விட்டது ஒன்று. ஒரு பேச்சு முடியும் இடத்தில், ஒரு நினைப்பு முடியும் இடத்தில் மனிதன் இமைப்பான். மூளை வைக்கும் முற்றுப்புள்ளி அது. புள்ளியைப் பிடுங்கிவிட்டால் வாக்கியம் எங்கே போய் நிற்கும்?

தரணிதரன் பம்ப்செட் கம்பெனியில் தரம் பார்ப்பவராக இருந்தபோதே படலம் போட்டுக்கொண்டவர். ஓய்வு பெற்ற பிறகு, கல்யாண நாள் பரிசாக மனைவிக்கும் போட்டுவிட்டார். மனிதர் செய்த முட்டாள்தனங்களில் இதற்குத்தான் முதல் பரிசு தர வேண்டும். அன்று மதியமே கோகிலவாணி வழக்கம்போல அரிசிம்பருப்பு சாதம் ஆக்கி, நெய் ஊற்றிப் பரிமாறினாள். வழக்கம்போல அவரும் ஒரு வாய் வைத்து, “நல்லாருக்கு அம்மணி” என்றார். முப்பது வருடமாக அவர் அப்படிச் சொல்லும் கணத்தில் அவள் சரியாக இமைத்துவிடுவாள். அன்று இமைக்கவில்லை. அவர் கண்ணின் ஓரத்தில் ஓடிய சின்னஞ்சிறு சலிப்பு, திருவிழாத் தேர் மாதிரி ஆடி அசைந்து ஊர்வலம் போவதைத் தெளிவாகப் பார்த்துவிட்டாள்.

“உங்களுக்கு இது புடிக்காது” என்றாள்.

“யார் சொன்னா?”

“உங்க கண்ணு சொல்லுச்சு. முப்பது வருசமா பொய்யா?”

அவ்வளவுதான். அன்று தொடங்கியது. அவர் சமாதானம் சொல்லும்போது அவள் முகத்தில் தெரிந்த ஏளனத்தை அவர் பார்த்தார். அதைப் பார்த்த எரிச்சலை அவள் பார்த்தாள். பார்த்தது எதுவும் மறக்கவில்லை. கடைசியில் கோகிலவாணி பொள்ளாச்சியில் இருக்கும் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள். அவன் வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. போனால் திரும்பி வருவதாக அவள் முகத்தில் ஒரு ஜாடையும் இல்லை. தரணிதரன் அந்த முகத்தை இமைக்காமல் தேடிப் பார்த்துவிட்டார்.

தம்பி வருவதாக இருந்த அன்று காலையில் தரணிதரனுக்கு இடது கண்ணில் சுருக்கென்று ஒரு வலி. கண்ணாடியில் பார்த்தால், மடித்து வைத்த இமையின் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்குச் சிவந்த வீக்கம். மனைவி போகிற நாளில் இது வேறா என்று நொந்துகொண்டே பீளமேட்டுக் கண் மருத்துவமனைக்கு ஓடினார்.

டாக்டர் யாழிசை இளம் வயதுக்காரி. அவர் கண்ணைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

“சார், இது கண்கட்டிங்க! நான் படத்துலதான் பாத்திருக்கேன். கொஞ்சம் அப்படியே இருங்க.”

கதவைத் திறந்து ஆளனுப்பினாள். மாடி மாடியாக டாக்டர்கள் வந்து, மலையில் குறிஞ்சி பூத்ததைப் பார்ப்பது போல அவர் இமையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் வந்தார்.

“எல்லாச் சுரப்பியும் தூங்குதுன்னு கம்பெனிக்காரங்க சொல்றாங்க. உங்களுது ஒண்ணு தூங்கலைங்க சார். பாவம், பழக்கத்துல எண்ணெய் சுரந்திருக்கு. வெளிய போக வழியில்லாம கெட்டியாகிடுச்சு” என்றாள் யாழிசை.

“அறுக்கோணுங்களா?”

“வேண்டாங்க. இந்தக் கண்ணுப் படலத்தை எடுத்துட்டு, இமையை எறக்கி விட்டர்றேன். சூடா ஒத்தடம் குடுங்க, தானா அமுங்கிடும்.”

“அந்தக் கண்ணு?”

“அதுக்கென்னங்க கேடு? அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

படித்த பிள்ளைதான், ஆனால் பிறகு நடக்கப்போவதை யோசிக்கவில்லை. கொக்கியிலிருந்து இறங்கிய இடது இமை, நெடுநாள் வேலையில்லாத சோம்பேறி போலப் பாதிக்கண் வரை தொங்கியது. பிறகு கிடுகிடுவென்று துடித்தது. வெறும் கண்ணில் காற்றுப் பட்டதும் மூளைக்குப் பழைய ஞாபகம் வந்து, ‘இமை’ என்று கட்டளை போட்டது. மூளை எப்போதும் இரண்டு கண்ணுக்கும் சேர்த்துத்தான் கட்டளை போடும். வலது இமையோ கொக்கியில் மாட்டிக் கிடக்கிறது. ஆக, இடது கண் மட்டும் மூடித் திறந்தது.

“ரொம்ப நன்றிங்க டாக்டர்” என்று கைகூப்பிய தரணிதரன், டாக்டரைப் பார்த்து அழகாகக் கண்ணடித்தார்.

“சார்!”

“ஐயோ, நான் இல்லீங்க!” என்றார். இன்னொரு தடவை கண்ணடித்தார்.

யாழிசையின் இமைக்காத முகத்தில் முதலில் திகைப்பு, பிறகு எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனாள்.

அன்று சிங்காநல்லூர் போய்ச் சேர்வதற்குள் பேருந்தில் இருந்த அத்தனை பேருக்கும் அவர் கண்ணடித்திருந்தார். நடத்துநர் வெட்கப்பட்டு விசில் ஊத மறந்தார். சிக்னலில் நின்ற போக்குவரத்துக் காவலர் பதிலுக்கு முயன்று, இமை வராமல், முகம் சுளுக்கிக்கொண்டு நின்றார். அவர் கைகாட்ட மறந்ததால் வாகனங்கள் ஒண்டிப்புதூர் வரை நின்றதாகக் கேள்வி. பாதி தூரம் நின்றிருந்தாலும் பெரிய விஷயம்தான்.

வீட்டு வாசலில் மச்சினன் பிரகதீஸ்வரனின் கார். பின்கதவு திறந்திருந்தது. கோகிலவாணி கையில் பெட்டி.

தரணிதரன் ஓடிப்போய் அவள் முன்னால் நின்றார். நான்கு மாதமாகச் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும் என்று தொண்டை வரை வந்தது.

“கோகிலா, போவாத. நீயில்லாம என்னால இருக்க முடியாது.”

கண்ணடித்தார்.

பெட்டியோடு அப்படியே நின்றாள் அவள். “என்ன சொன்னீங்க?”

“நீயில்லாம இருக்க முடியாதுன்னேன்.” மறுபடியும்.

“பாத்தியாடா தம்பி? போற நேரத்துலயும் நக்கலு!”

“ஏனுங் மச்சான், அக்கா நாலு மாசமா சரியா சோறு திங்காம கெடக்குது. உங்களுக்கு வெளையாட்டாப் போச்சுங்களா?” என்று பிரகதீஸ்வரன் முன்னால் வந்தான்.

“வெளையாட்டு இல்ல மாப்ள, சத்தியமா!” என்று அவனைப் பார்த்து உருக்கமாகச் சொல்லி, உருக்கமாகவே கண்ணடித்தார்.

பிரகதீஸ்வரன் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. ஐம்பது வயது மனிதன், காது மடல் சிவந்து, சட்டைப் பொத்தானைச் சரிசெய்தான்.

அதைப் பார்த்துத்தான் கோகிலவாணிக்கு மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தாள். அவர் பதறி, “எதுக்குச் சிரிக்கற?” என்று கேட்டு இன்னொரு தடவை கண்ணடிக்க, பெட்டியைப் போட்டுவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான்கு மாதச் சிரிப்பு. வட்டியும் முதலுமாக வந்தது.

மூச்சு திரும்பியதும்தான் இமையைக் கவனித்தாள். “அதென்னங்க புளியங்கொட்டையாட்ட?”

“கண்கட்டி.”

“பாக்கக்கூடாதது எதையோ பாத்தாத்தான அது வரும்? எதப் பாத்தீங்க?”

“நாலு மாசமா உன்ற கோவத்தத்தான் இமைக்காமப் பாத்துட்டிருந்தேன்.”

“இடது கண்ணு வேற துடிக்குது. ஆம்பளைக்கு ஆகாதுங்களே.”

“உனக்கு நல்லதா இருந்துட்டுப் போகட்டும்.”

“உக்காருங்க இப்படி.” ஆள்காட்டி விரலை உள்ளங்கையில் வைத்துப் பரபரவென்று தேய்த்தாள். “கண்ண மூடுங்க.”

இடது கண் மூடியது. சூடேறிய விரல் நுனி கட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்தது.

“அந்தக் கண்ணு என்னையே மொறைக்குது” என்றாள்.

“காருள்” என்றார் தரணிதரன். வலது படலமும் கறுத்தது.

இருட்டு. அவள் முகம் எப்படி இருக்கிறதென்று தெரியவில்லை. கோபமா, கேலியா, அழுகையா, ஒன்றும் தெரியவில்லை. விரல் ஆறியதும் மறுபடி தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடியும் சூடு வந்து உட்கார்ந்தது. தெரியாமல் இருப்பதில் இவ்வளவு சுகம் இருக்கிறதா என்று தரணிதரனுக்கு உடம்பெல்லாம் லேசானது. படலம் போட்ட நாளிலிருந்து இப்படி ஓர் ஓய்வு அவருக்குக் கிடைத்ததே இல்லை.

இருட்டுக்குள் அவள் குரல் கேட்டது. “நெசமாலுமே புடிக்காதுங்களா, அரிசிம்பருப்பு?”

“கல்யாணமான புதுசுல புடிக்காது. அப்புறம் அது இல்லாட்டி சாப்பிட்டாப்பலயே இருக்காது. புடிக்குதா இல்லையான்னு நானே யோசிச்சதில்ல, கோகிலா. வெந்தயம் மட்டும் கொஞ்சம் தூக்கலா இருக்கும்.”

விரல் ஒரு கணம் நின்றது. அவள் என்ன முகம் காட்டினாளோ, அவருக்குத் தெரியாது. பிறகு மறுபடியும் தேய்க்கும் சத்தம்.

“அக்கா, சாமானத்த ஏத்தட்டுமா, எறக்கட்டுமா?” என்றான் பிரகதீஸ்வரன்.

“கார நெழல்ல நிறுத்திட்டு சாப்பிட வாடா.”

கட்டி நாளுக்கு நாள் அமுங்கியபோது தரணிதரனுக்கு உண்மையிலேயே வருத்தம். “இன்னுங் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகக்கூடாதுங்களா?” என்று டாக்டரிடம் கேட்டார். “எங்க குடும்பத்தக் காப்பாத்திக் குடுத்த புண்ணியவானுங்க அது.” யாழிசை மறுபடியும் படலம் மாட்டவா என்றபோது, அவரும் கூட வந்திருந்த கோகிலவாணியும் சேர்ந்து வேண்டாம் என்றார்கள். அவர் வலது இமையையும் இறக்கிவிடச் சொன்னார். கோகிலவாணி இரண்டையும் கழற்றச் சொன்னாள். கழற்றிய கையோடு யாழிசை தன் இடது படலத்தையும் எடுத்துக்கொண்டாள். அதை ஏன் சொல்ல வேண்டும்? அடுத்த மாதத்தில், படலத்தைக் கழற்ற வந்தவர்களின் வரிசை மருத்துவமனையிலிருந்து அவிநாசி சாலையைத் தொட்டது. வஞ்சிரம் வஞ்சிரமாகவே விற்றது. கூட்டங்கள் முடிந்தன. மனிதர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

அகலவிழி நிறுவனம் சும்மா இருக்குமா? பொறியாளர் ஒருவரை வீட்டுக்கே அனுப்பியது. கொட்டாத கண்களோடு அவர் எதிரே உட்கார்ந்தார்.

“இமைக்கிறதால உங்களுக்கு என்ன நன்மைங்க சார்?”

தரணிதரன் யோசித்தார். “தெனம் ஒரு மணி நேரத்துக்கு மேல நாங்க எதையுமே பாக்காம இருக்கறமுங் தம்பி. அந்த ஒரு மணி நேரத்துலதானுங் குடும்பம் நடக்குது.”

பொறியாளர் நன்றி சொல்லிப் புறப்பட்டார். கொஞ்ச நாளில் புதுப் படலம் வந்தது; சில நொடிகளுக்கு ஒருமுறை தானே கறுத்துத் தானே வெளுக்கும். உலகின் முதல் செயற்கை இமைப்பு என்று பெயர். ‘தினமும் ஒரு மணி நேரம் எதையும் பார்க்காமல் இருங்கள்!’ என்று ஊரெல்லாம் விளம்பரம். எடுத்துக்கொண்டு போன அதே ஒரு மணி நேரம்தான். அதை வாங்க ஜனங்கள் விடியலிலேயே வரிசையில் நின்றார்கள். பட்டுப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள்.

தரணிதரன் அந்த விளம்பரத்தை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இலை முன்னால் உட்கார்ந்தார். கோகிலவாணி ஆவி பறக்க அரிசிம்பருப்பு சாதம் போட்டு, நெய் ஊற்றினாள். வெந்தயம் இன்றைக்கும் தூக்கலாகவே மணத்தது.

ஒரு வாய் வைத்தார். “நல்லாருக்கு அம்மணி” என்றார்.

சொல்லும்போது இமைத்தார். சரியாக அதே கணம் பார்த்து அவளும் இமைத்துவிட்டாள்.