தாய்க் கார்டு

கூரையிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கிய பிறகும் டிவியில் படம் போகவில்லை. டிஷ்காரர் ஒயர் முனையைப் பார்த்தார், ரிசீவரின் பின்பக்கத்தைப் பார்த்தார். இணைப்பே இல்லை. திரையிலோ சுண்ணாம்பு உதிர்ந்த ஒரு கூடம், வரிசையாக நாற்காலிகள், எல்லாம் காலி.

தெருவில் சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. ஆனாலும் கடை ஷட்டரைப் பாதி இறக்கியே வைத்திருந்தார், தொழில் அப்படி. கம்பெனிகள் கழித்துக்கட்டிய பழைய ரிசீவர்களைக் காயலான் கடையில் எடைக்கு வாங்கி, தூசி தட்டி, உள்ளே கொஞ்சம் தில்லுமுல்லு செய்து, மாதச் சந்தாவே கிடையாது என்று ஊரார் தலையில் கட்டிவிடுவார். சூட்சுமமெல்லாம் கடையிலிருந்த இந்த ஒரு பெட்டியில்தான். இதில் செருகிய தாய்க் கார்டு, இன்டர்நெட் வழியாக அத்தனை வீட்டுப் பெட்டிகளுக்கும் சாவி அனுப்பி, பூட்டிய சேனல்களைத் திறந்துவிடும். பழைய கார்டைக் கம்பெனி முடக்கிவிட்டதால், காயலான் கடைப் பெட்டி ஒன்றில் ஒட்டிக்கிடந்த வேறொரு கார்டை நேற்றுப் போட்டிருந்தார். யாருடையதோ, எந்த வீட்டுடையதோ. போட்டதும் எல்லாச் சேனலும் திறந்துகொண்டன. கார்டைக் கும்பிடாத குறைதான்.

போன் அடித்தது. அவரிடம் பெட்டி வாங்கிய தையல்காரர்.

"அண்ணே, எந்தச் சேனல் வெச்சாலும் ஒரு ரூம்தான் வருது. நாற்காலியா போட்டு வெச்சிருக்கு."

"இருங்க, இப்ப சரி பண்ணிடுறேன்."

"சீக்கிரம்ணே. உள்ள இருந்து யாரோ என்னைக் கூப்பிடுற மாதிரியே..."

பேச்சு நின்றது. தையல் மெஷின் மட்டும் தானாக ஓடி ஓய்ந்தது. டிஷ்காரர் நிமிர்ந்தார். திரையில், முதல் நாற்காலியில், தையல்காரர் உட்கார்ந்திருந்தார்.

கழுத்தில் அளவு டேப், முழங்கால்மேல் கைகள், இமைக்காத கண்கள். கடைக்குள் சூடேறிய பிளாஸ்டிக் நாற்றத்தோடு, நெடுநாள் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்ததுபோல் ஒரு புழுங்கல் வாடையும் வந்தது. ஷட்டருக்கு வெளியே வண்டிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே போக, தலைக்குமேல் ஓடிய விசிறியின் கடகடப்பு மட்டும் பெரிதாகக் கேட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆஸ்பத்திரி நர்ஸம்மா வந்து உட்கார்ந்தார். பிறகு சலூன்காரர், மாமியாரோடு. எல்லாரும் அவரிடம் பெட்டி வாங்கியவர்கள்.

இருப்பதிலேயே நல்ல பெட்டியைத் தன் வீட்டுக்கல்லவா கொண்டுபோய் வைத்திருந்தார். பள்ளிவிட்டு வந்தால் மகள் அதன் முன்னால்தான் கிடப்பாள்.

கார்டை உருவினார். படம் போகவில்லை. மெயினை அணைத்தார். விசிறி நின்றது. படம் நிற்கவில்லை. மனைவிக்குப் போன் போட்டார்.

"டிவிய அணை. குட்டியத் தூக்கிட்டு வெளிய போ."

"ஏங்க, என்ன ஆச்சு? இங்கதான் உக்காந்திருந்தா. குட்டி... எங்க போனா இவ?"

"தேடு. டிவியப் பாக்காத."

"டிவில என்னங்க, ஒரே நாற்காலியா... ஐயோ, அது நம்ம..."

"பாக்காதன்னு சொல்றேன்ல. கண்ண மூடிக்க."

போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரையைப் பார்த்தார்.

திரையில் மகள். பள்ளிச் சீருடை. ஒரு காலில் மட்டும் சாக்ஸ். பாதம் தரையை எட்டவில்லை. பக்கத்தில் மனைவி, காதில் போனோடு. வாய் அசையவில்லை. இவர் காதில் மட்டும் அவள் மூச்சு.

இருவரும் அவரையே பார்த்தார்கள்.

மகள் மெல்லச் சிரித்தாள். பக்கத்துக் காலி நாற்காலியைக் கையால் தட்டினாள்.