பச்சை எரிந்தால் புரிந்ததாம்

செவ்வாய், 21 ஆகஸ்ட் 2068

இன்று மாலை புரிதல் பயிற்சி வகுப்பில் ஒரு சிறிய தவறு செய்தேன். மாதிரி ஒப்பந்தங்களின் வரிசையில், தமிழ்க் கோப்புக்குப் பதிலாக அதற்கு மேலிருந்ததைத் திறந்துவிட்டேன். அது ஜார்ஜிய மொழி. எழுத்துகள் தூண்டில் முள்ளை வரிசையாகக் கோத்ததுபோல் இருந்தன. தமிழ்ப் பக்கம் பின்னால் எங்காவது வரும் என்று நினைத்துக் கடைசிவரை புரட்டினேன். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால், மேசைமேல் என் புரிதல் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

வகுப்பில் சேர்ந்ததிலிருந்து எனக்குப் பச்சை எரிந்ததே இல்லை. மஞ்சளோடு நின்றுவிடும். மற்றவர்கள் எனக்கு ‘மஞ்சள் ஜெசி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தச் சந்தோஷத்தில், என்ன மொழி என்று சொல்லாமலே பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டேன். அதைத்தான் தவறு என்று எழுதுகிறேன்.

முன்பெல்லாம் மக்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமலே ‘சம்மதம்’ என்று தொட்டுவிட்டுப் பிறகு அழுதார்களாம். அதைத் தடுக்கத்தான் புரிதல் சட்டம் வந்தது. கைப்பட்டை நாடியைப் பார்க்கும், திரை கண்ணைப் பார்க்கும். மனம் எங்கும் இடறாமல் கடைசிப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தால் விளக்கு பச்சையாகும். பச்சை எரியாத கையெழுத்து செல்லாது. பச்சை எரிந்த கையெழுத்தை எந்த மன்றமும் கேள்வி கேட்காது. நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம் என்று கோமதிநாயகம் சார் முதல் வகுப்பில் சொன்னார். இரண்டாம் வகுப்பிலிருந்து, மூச்சை எப்படி விட்டால் சீக்கிரம் பச்சையாகும் என்று சொல்லித் தருகிறார். வாடகை வீட்டுக்கும் வேலைக்கும் பச்சை வேண்டும். வகுப்பில் உட்கார இடம் கிடைப்பதில்லை.

வகுப்பு முடிந்ததும் மனம் கேட்காமல் அவரிடம் போனேன்.

“சார், நான் பதிஞ்சது ஜார்ஜிய மொழி.”

“ஒனக்கு அந்த மொழி தெரியுமா?”

“அந்த ஊரு எங்க இருக்குன்னே தெரியாது சார்.”

“பின்ன எப்படி பச்ச எரிஞ்சுது?”

“அதத்தான் நானும் கேக்கேன்.”

பட்டையை நான் தளர்வாகக் கட்டியிருப்பேன் என்றார். அவரே இறுக்கிக் கட்டிவிட்டார். மறுபடி புரட்டினேன். மறுபடி பச்சை. அவர் விளக்கையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இத்தன நாளா மஞ்சளா எரியுதுன்னு அழுத. இப்ப பச்சையா எரியுதுன்னு அழுத. ஒனக்கு என்னதாம்மா வேணும்? சான்றிதழ் வந்துரும். பேசாம வாங்கிட்டுப் போ.”

பட்டையையும் விளக்கையும் திரையையும் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் வழியெல்லாம் ஒன்று உறுத்தியது. புரியாத எழுத்தில் என் மனம் இடற ஏதுமில்லை, அதனால் பச்சை. அப்படியானால் இத்தனை நாள் மஞ்சள் எரிந்த இடங்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

புதன், 22 ஆகஸ்ட்

இன்று அக்கா வீட்டில் இருந்தேன். கஸ்பார் அத்தான் கப்பலிலிருந்து அழைத்தார். அக்கா விண்ணரசி என் தோளை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். திரையின் மூலையில் எங்கள் பக்கத்துப் படம் தெரிந்தது. நான் இருந்தேன். என் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறத் திட்டு இருந்தது.

“ஜெசி, அக்கா பக்கத்துல இருக்காளா?”

“இருக்கா அத்தான். ஒங்களப் பாத்து மொறச்சிக்கிட்டு இருக்கா.”

“அப்ப அவதான்.”

அக்கா ஏதோ சொன்னாள். அவருக்குக் கேட்காது. அவள் குரல் போகும் வழியிலேயே உரிமை வடிகட்டி அதை உறிஞ்சிவிடும். “மாத்திரையை ஒழுங்கா சாப்பிடச் சொல்லுதா” என்று நான் எடுத்துச் சொன்னேன். கல்யாணமானவர்களுக்கு நடுவில் நான் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது. சிலவற்றை அக்கா என்னிடம் சொல்வதே இல்லை. அவை அத்தானுக்குப் போய்ச் சேர்வதும் இல்லை.

அக்கா மீன் வெட்டக் கற்றுக்கொடுக்கும் காணொளிகள் போட்டுக்கொண்டிருந்தாள். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காதே என்பது அவள் எல்லாக் காணொளியிலும் சொல்வது. இப்படிக் காணொளி போடுகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ‘நீலவிரி’ என்ற பங்காளி வலையம் அவளைச் சேரச் சொன்னது. நல்ல கேமரா, நிறையப் பார்வையாளர்கள், விளம்பரத்தில் பங்கு. ஒப்பந்தத்தை ஓர் இனிமையான குரல் தாலாட்டு மாதிரி வாசித்தது. பச்சை எரிந்தது. கையெழுத்துப் போட்டாள்.

அதில், படைப்பாளியின் முகமும் குரலும் ‘எல்லா ஊடகங்களிலும்’ வலையத்துக்கே உரியவை என்று ஒரு வரி. ஊடகம் என்றால் என்ன என்பது அந்த இடத்தில் இல்லை. கடைசிக்குப் பக்கத்தில், சொற்பொருள் பகுதியில் இருக்கிறது: ஒளியையோ ஒலியையோ ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கடத்தும் எதுவும். அப்படியென்றால் அத்தானின் கைபேசியும் ஊடகம். ஒப்பந்தம் முடியும் முன் விலகுவதாக எழுதிக் கொடுக்காவிட்டால் அது தானாகவே நீளும். நீண்டது. அவள் இப்போது படம் எடுப்பதில்லை. அவள் முகத்தையும் குரலையும் கொண்டு கணினியில் செய்த நிழலியை வைத்து அவர்களே எடுக்கிறார்கள். போன வாரம் அது உறைமீன் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டி, “இனிமே செவுளப் பாக்கவே வேண்டாம்” என்று அக்காவின் குரலில் சிரித்தது.

ஒப்பந்த மன்றத்தில் மனுப் போட்டோம். விசாரணை திரைவழி. திரையில் அக்கா சாம்பல் திட்டு. மனுதாரர் ஆஜராகவில்லை என்று எழுதிவிட்டார்கள். அடுத்த முறையும் அதே. எதைப் பற்றிப் புகார் சொல்கிறாளோ, அதுவே அவளைப் புகார் சொல்லவிடாமல் செய்கிறது. இதை ஒரு மனிதர்கூட விசித்திரமாக நினைக்கவில்லையே என்பதில்தான் எனக்கு வயிறு எரிகிறது. நாளை மூன்றாவது முறை. நாளையும் வரவில்லை என்றால் கோப்பை மூடிவிடுவார்கள்.

“விடுட்டி” என்றாள் அக்கா. “பச்ச எரிஞ்சது நெசம்தான. அன்னைக்கு எனக்கு எல்லாம் புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. நான்தான் மடச்சி.”

எனக்குக் கோபம் வந்தது. என் பட்டையைக் கழற்றி அவள் கையில் கட்டினேன். ஜார்ஜிய ஒப்பந்தத்தைத் திறந்து, “படி” என்றேன்.

“என்னட்டி இது, முள்ளு முள்ளா?”

“சும்மா பாத்துக்கிட்டே தள்ளு.”

அவள் தள்ளிக்கொண்டே போனாள். பச்சை எரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு. சட்டென்று நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“அந்த ஊர்லயும் எவளாவது இதுல கையெழுத்துப் போட்டிருப்பாளாட்டி?”

பிறகு பட்டையை என் கைக்கு மாற்றி, அவள் ஒப்பந்தத்தையே என் விளக்கின் முன்னால் வைத்துப் படித்தேன். ‘எல்லா ஊடகங்களிலும்’ என்ற வரியில் மஞ்சள். சொற்பொருள் பகுதியில் மஞ்சள். தானாக நீளும் என்ற இடத்தில் மஞ்சள். என் மூளை மந்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போதும் முழு நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் விளக்கு நின்ற இடத்தில் எல்லாம் ஒரு பொறி இருந்தது. நின்று யோசிப்பவளுக்குப் புரியவில்லை என்கிறது. வழுக்கிக்கொண்டு போகிறவளுக்குப் புரிந்துவிட்டது என்கிறது. தாலாட்டுக் குரலில் வாசிப்பவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

திருநெல்வேலியில் மன்றத்துக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. அங்கே அழைத்தேன்.

“நேர்ல யாரும் வாரதில்லையேம்மா” என்றார் எடுத்தவர்.

“வரக் கூடாதுன்னு இருக்கா சார்?”

“அப்படி ஒண்ணும் இல்ல. நாற்காலிதான் இல்ல.”

“நின்னுக்கிடுதோம்.”

அறைக்குள் நேருக்கு நேர் நிற்பவளை வடிகட்ட இன்னும் ஒரு கருவி வரவில்லை. பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த அக்கா எழுந்து, நாளைக்குக் கட்டவேண்டிய சேலையைத் தேடப் போனாள்.

நாளைய வேலை: காலை முதல் பேருந்தில் அக்காவும் நானும் திருநெல்வேலி போக வேண்டும். கைப்பட்டை, விளக்கு, ஜார்ஜிய ஒப்பந்தம் இருக்கும் திரை, மூன்றையும் மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டையை நடுவரின் கையில் கட்டி அவரைப் படிக்கச் சொல்ல வேண்டும். பச்சை எரிந்ததும் நான் வாயைத் திறக்கக் கூடாது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அக்காதான் கேட்க வேண்டும், அவளுடைய குரலில்.